“வேற எங்க ஓடுது?”: புதுக் கருவியைத் தொழிற்சாலைகளின் கண்ணில் படவைக்க எந்த வழி நல்லது?

நாங்கள் செய்த கருவி ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. மோட்டாரின் மேல் வைத்துத் திருகிவிட்டால் அதிர்வையும் சூட்டையும் அளந்துகொண்டே இருக்கும். மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேயத் தொடங்கினால், மோட்டார் நின்றுபோவதற்கு முன்பே சொல்லிவிடும். நூற்பாலை, பம்ப் செட், உலோகம் உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி என்று கோவையில் மோட்டார் ஓடாத இடம் குறைவு. பொருள் நன்றாக இருந்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று நம்பினோம். முதல் ஒரு வருடம் யாரும் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்தோம். எந்த வழியில் போனாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: “வேற எங்க ஓடுது?” அவர் கேட்பது விருதையோ காப்புரிமை எண்ணையோ அல்ல. தனக்குத் தெரிந்த இன்னொரு ஆலையில், தன்னைப் போன்ற ஒருவரின் பொறுப்பில், இந்தப் பெட்டி ஓடுகிறதா என்பதைத்தான். அதில் முழு நியாயம் இருக்கிறது. புதுக் கருவியால் ஒரு ஷிப்ட் நின்றுபோனால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் செலவு, காலம், நகலெடுக்கும் அபாயம் எல்லாவற்றையும் பார்த்தாலும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு எந்த வழி சீக்கிரம் கொண்டுபோகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

காப்புரிமையோடு பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டுவது

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். யோசனைக்குக் காப்புரிமை எடுப்போம், பெரிய நிறுவனத்திடம் காட்டுவோம், அவர்கள் தயாரிக்கட்டும், நமக்கு ராயல்டி வரட்டும். கேட்க இதமாக இருக்கிறது. இந்த வழியில் போன இருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவின் ராபர்ட் கேர்ன்ஸ், கார் கண்ணாடி வைப்பர் விட்டுவிட்டு ஓடும் முறையை 1960-களில் உருவாக்கி, ஃபோர்டு நிறுவனத்திடம் காட்டினார்; காப்புரிமையும் பெற்றார். அவரோடு ஒப்பந்தம் எதுவும் முடியாமலேயே ஃபோர்டு கார்களில் அப்படிப்பட்ட வைப்பர் வந்தது. 1978-ல் வழக்குப் போட்டார். ஃபோர்டிடமிருந்து 1.02 கோடி டாலர் கிடைத்தது 1990-ல். பிறகு இன்னொரு கார் நிறுவனமான கிரைஸ்லரிடமும் வென்றார். ஆனால் நடுவில் அவருடைய குடும்பமே உடைந்துபோனது. சட்டம் அவர் பக்கம் நின்றது என்பது உண்மை. அதற்குள் வயதின் நல்ல பகுதி நீதிமன்றத்தில் கரைந்துவிட்டது.

ஜேம்ஸ் டைசன் பை இல்லாத தூசி உறிஞ்சியை 5,127 மாதிரிகள் செய்து உருவாக்கினார். பெரிய தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். மாற்றுப் பைகளை விற்றே பணம் பார்த்துக்கொண்டிருந்த தொழில் அது. பையே வேண்டாம் என்பவரை எப்படி வரவேற்கும்? ஒரு ஜப்பானிய நிறுவனம் உரிமம் வாங்கிக்கொண்டது. அந்த வருமானம் கைகொடுக்க, 1993-ல் அவரே சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கினார். அவர் முறையை மீறியதாக ஹூவர் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கிலும் 2000-ல் வென்றார். ஒருவர் தோற்று இன்னொருவர் வென்ற கதையாக இதை நான் பார்க்கவில்லை. இருவரிடமும் காப்புரிமை இருந்தது. டைசனிடம் அதற்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளும், அதை வாங்கும் ஆட்களும் இருந்தார்கள்.

எங்களுக்கும் ஒரு கசப்பு உண்டு. ஒரு பெரிய நிறுவனம் ஆர்வமாகக் கூப்பிட்டு மூன்று முறை டெமோ பார்த்தது. சர்க்யூட் வரைபடம் கேட்டது. நாங்கள் ரகசிய ஒப்பந்தம் கேட்ட நாளிலிருந்து போனையே எடுக்கவில்லை. அன்றைக்கு வரைபடத்தைக் கொடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அதற்காகக் காப்புரிமை வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். இந்தியாவில் தற்காலிக விவரக்குறிப்போடு (முழு விவரத்துக்கு முன் கொடுக்கும் முதல் குறிப்பு) விண்ணப்பிக்க, இணையவழியில், தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. வழக்கறிஞர் கட்டணம் தனி. அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். இந்த 12 மாதம் பெரிய வரம். யோசனையை எப்போது பதிவு செய்தோம் என்று காட்டும் தேதி கைக்கு வந்துவிடுகிறது, வெளியே போய் நாலு பேரிடம் காட்டலாம், தேறுமா தேறாதா என்று தெரிந்த பிறகு பெரிய செலவைச் செய்யலாம். கதவுக்குப் பூட்டு போடுவது போன்ற வேலை இது. பூட்டைப் பார்த்து யாரும் வீட்டுக்குள் வர மாட்டார்கள், ஆனாலும் பூட்டாமல் வெளியே கிளம்பக் கூடாது.

கண்காட்சியில் ஸ்டால் போடுவது

கோவையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக், சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர்கள் நடத்தும் ஆக்மி போன்ற இயந்திரக் கண்காட்சிகளுக்கு, வாங்கும் எண்ணத்தோடு வருபவர்கள் நிஜமாகவே வருகிறார்கள். பல மாதம் அலைந்தாலும் பார்க்க முடியாத ஆட்களைச் சில நாளில் பார்த்துவிடலாம். ஆனால் ஸ்டால் வாடகை, அலங்காரம், பேனர், ஆட்களின் சாப்பாடு, தங்குமிடம் என்று கூட்டிப் பார்த்தால், இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்துக்குப் பல மாதச் செலவு அது. நாங்கள் முதல் முறை போனபோது நூற்றுக்கும் மேல் விசிட்டிங் கார்டு சேர்ந்தது. திரும்பக் கூப்பிட்டபோது பாதிப் பேருக்கு எங்கள் முகமே நினைவில்லை. மீதிப் பேர் கேட்டது அதே கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். விண்ணப்பத் தேதி வாங்காமல் ஸ்டாலில் கருவியைத் திறந்து காட்டினால், அது பொதுவெளியில் வெளியிட்டதாகிவிடும். புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்குச் சட்டத்தில் 12 மாத விலக்கு இருக்கிறது. எல்லாக் கண்காட்சியும் அதில் சேராது.

ஸ்டாலுக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு கண்காட்சிக்குப் பார்வையாளராகப் போய்வாருங்கள். போட்டியாளர் என்ன விலை சொல்கிறார், எந்த ஸ்டாலில் கூட்டம் நிற்கிறது, வருபவர் எந்த வார்த்தையில் தன் தொல்லையைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே நடந்தால் அந்த ஒரு நாள் நன்றாகப் பயன்படும். “வைப்ரேஷன் அனாலிசிஸ்” என்ற சொல்லை நாங்கள் கைவிட்டு, “மோட்டார் படுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லும்” என்று பேசத் தொடங்கியது அப்படி ஒரு நாளுக்குப் பிறகுதான்.

இன்குபேட்டரும் போட்டிகளும்

பீளமேட்டில் பிஎஸ்ஜி ஸ்டெப், தரமணியில் ஐஐடி மெட்ராஸின் இன்குபேஷன் செல், மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் என்று, புதுத் தொழிலைத் தொடங்க உதவும் இடங்களுக்கு நமக்குக் குறைவில்லை. முதல் மாதிரி செய்ய மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ என்ற திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கிறது. யோசனையை நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம் தரும் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டமும் 2021-ல் வந்தது. சொந்த நகையை அடகு வைத்துச் செய்வதை விட இது எவ்வளவோ மேல்.

மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியைப் பாருங்கள். ஐஐடி மெட்ராஸில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-ல் தொடங்கினார்கள். முதலில் பேட்டரி பேக் மட்டும் செய்யத்தான் யோசித்தார்கள். அதைப் பொருத்த நல்ல வண்டியே இல்லை என்று தெரிந்ததும் முழு ஸ்கூட்டரையும் தாங்களே செய்ய இறங்கினார்கள். 2016-ல் ஸ்கூட்டரை மேடையில் காட்டினார்கள்; அதே வருடம் ஹீரோ மோட்டோகார்ப் முதலீடு செய்தது. இன்று ஓசூரில் தொழிற்சாலை இருக்கிறது. இன்குபேட்டர் அவர்களுக்குக் கொடுத்தது இடமும் காலமும். தொழில்துறை திரும்பிப் பார்த்தது முழு வண்டியை.

கோவை அருணாசலம் முருகானந்தத்துக்கும் ஐஐடி மெட்ராஸ் வழியாகத்தான் வெளியுலக வெளிச்சம் கிடைத்தது. அவருடைய நாப்கின் இயந்திரம் தேசிய விருது பெற்றது, 2016-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த வெளிச்சத்தை வைத்து அவர் பெரிய நிறுவனத்துக்கு இயந்திரத்தை விற்கவில்லை. பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கே விற்றார். தனக்கு யார் வாடிக்கையாளர் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருவருக்குத்தான் விருது பயன்படும் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தெளிவு இல்லாதவர்கள் போட்டியிலிருந்து போட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நடுவர்கள் பெரும்பாலும் முதலீட்டாளரும் பேராசிரியரும். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் ஒருவரை நடுவர் மேசையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதள வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெபிள் கைக்கடிகாரம் 2012-ல் அங்கே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது, ஆக்குலஸ் ரிஃப்ட் அதே வருடம் 24 லட்சம் டாலர் திரட்டி, 2014-ல் ஃபேஸ்புக் கைக்குப் போனது. கையில் கட்டுவது, தலையில் மாட்டுவது என்றால் சரி. நூற்பாலை மோட்டாருக்கான பெட்டிக்கு அங்கே கூட்டம் கிடையாது. அதோடு இந்தியாவிலிருந்து நேரடியாக அங்கே திட்டம் தொடங்கவும் முடியாது.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு. யோசனையைத் தூக்கிக்கொண்டு நாம் அலையாமல், தன் சிக்கலைத் துறையே வெளியில் சொல்லும் இடத்துக்குப் போவது. 2018-ல் சென்னை அருகே நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கப்பட்ட ஐடெக்ஸ் அப்படிப்பட்டது. முப்படைகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சவாலாக அறிவிக்கின்றன, தேர்வானால் 1.5 கோடி வரை மானியம். வாங்கப்போகிறவரே கேள்வியை எழுதியிருக்கிறார் என்பதால், மற்றப் போட்டிகளை விட இதை நான் பல மடங்கு மதிக்கிறேன். ஆனால் சோதனைகள் நீளும். அதுவரை தாக்குப்பிடிக்க வேறு வருமானம் வேண்டும்.

ஒரே ஒரு ஆலையில் ட்ரையல்

எங்களுக்குப் பலித்தது இது. முதல் ட்ரையலை இலவசமாக வைத்தோம். இரண்டு வாரம் கழித்துப் போனபோது வயர் கழற்றிக் கிடந்தது, பெட்டி மேல் பஞ்சு படிந்திருந்தது. யாருடைய காசும் அதில் இல்லை என்பதால் யாருடைய கவனமும் இல்லை. அடுத்த ஆலையில் சின்னத் தொகையாவது கேட்பது என்று முடிவு செய்தோம். பொள்ளாச்சி சாலையில் நடுத்தர அளவு நூற்பாலை ஒன்று. மெயின்டனன்ஸ் பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். “ஏனுங்க தம்பி, எல்லா மோட்டாருக்கும் வேண்டாங்க. ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் மோட்டாருக்கு மட்டும் மாட்டுங்க. அது நின்னுச்சுன்னா ஈரப்பதம் இறங்கி நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்” என்றார். எங்கே வலிக்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எந்தக் கண்காட்சியிலும் எங்களுக்கு இது கிடைக்கவில்லை.

முதல் மாதம் பெட்டி தப்பான எச்சரிக்கைகளாகக் கொடுத்தது. அந்த மோட்டார்களின் வேகத்தை டிரைவ் என்ற மின் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து மாற்றுவார்கள். வேகம் மாறினால் அதிர்வும் மாறும். எங்கள் பட்டறையில் ஒரே வேகத்தில் சோதித்ததால் இது தெரியவே இல்லை. ஒரே வேகத்தில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிடும்படி மாற்றினோம். மூன்றாம் மாதம் ஒரு மோட்டாருக்கு எச்சரிக்கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தார்கள்: கிரீஸ் கறுத்து, பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழுந்திருந்தது. அந்தப் பழைய பேரிங்கை அவர் இன்னமும் தன் மேசையில் வைத்திருக்கிறார்.

ட்ரையலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கத் தாளாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த மோட்டார்கள், எத்தனை நாள், என்ன நடந்தால் வெற்றி, வெற்றி என்றால் என்ன விலைக்கு எத்தனை வாங்குவார்கள், பிற ஆலைக்காரரைக் கூட்டிவந்து காட்டலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கடைசி வரியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அதை எடுத்துச் சொல்ல அந்தப் பதிவு வேண்டும்.

இதில் குறையும் இருக்கிறது. மெதுவான வழி. ஓர் ஆலைக்கென்றே கருவியை வளைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் இரண்டாவது ட்ரையலை வேறு வகைத் தொழிற்சாலையில் வைத்தோம், ஒரு ஃபவுண்டரியில். அங்கே தூசியும் சூடும் வேறு பாடம் சொல்லிக்கொடுத்தன.

எங்கள் கைக்காசில் மீண்டும் தொடங்கினால் வரிசை இப்படி இருக்கும்: முதலில் 1,600 ரூபாய்த் தற்காலிக விண்ணப்பம், அந்த வாரமே ஆலை தேடுவது, மாதிரிச் செலவுக்கு இன்குபேட்டர் மானியம், ஓர் ஆலையாவது காசு கொடுத்து வாங்கிய பிறகு ஸ்டால். வீட்டு உபயோகப் பொருள் செய்கிறவருக்கு இந்த வரிசை மாறும். அவர் கடைக்காரரிடம் பத்துப் பெட்டி வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

போன கண்காட்சியில் நாங்கள் சின்ன ஸ்டால்தான் எடுத்தோம். உடுமலையிலிருந்து வந்த ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஆலையின் பெயரைச் சொன்னோம். அங்கேயே நின்று மெயின்டனன்ஸ்காரருக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் இருவரும் எங்களை விட்டுவிட்டு மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.