முதல் சர்ஃப்போர்டு: சாஃப்ட் டாப், மினி மால், லாங்போர்டு – எது யாருக்கு?

அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்கிறவர் முதல் பலகையை மதிப்பிட ஒரே கேள்வி போதும்: அதில் படுத்துக் கைகளால் துழாவினால் ஒரு மணி நேரத்தில் எத்தனை அலை கிடைக்கும்? அலைமேல் நிற்பது சில வினாடி வேலை. இரண்டு மணி நேரம் கடலில் கிடந்தாலும், நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒன்றிரண்டு நிமிடம் தேறினால் பெரிது. உடம்பு கற்றுக்கொள்வது அந்த நிமிடங்களில்தான். நிறம், வடிவழகு, வெடுக்கென்று திருப்பும் லாவகம் எல்லாம் பிறகு வரட்டும். முதலில் மிதப்பு, அகலம், நீளம்.

இப்படிப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு எட்டடி சாஃப்ட் டாப்தான், அதாவது மேல்தோல் மெத்தென்ற பலகைதான் விடை. ஆனால் கையில் கிடைக்கிற எந்தச் சாஃப்ட் டாப்பும் சரி என்று அர்த்தமில்லை. கண்ணாடியிழைப் பூச்சுள்ள மினி மாலோ, ஒன்பதடிக்குக் குறையாத லாங்போர்டோ பொருந்துகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

நான்கு எண்கள்

பலகையில் நான்கு எண்கள் எழுதியிருக்கும். நீளம் அடி, அங்குலத்தில். அகலமும் தடிமனும் அங்குலத்தில். கடைசியில் கொள்ளளவு, லிட்டரில். பரவலாகக் கிடைக்கும் எட்டடி சாஃப்ட் டாப் ஒன்றின் அளவு 8 அடி நீளம், 22½ அங்குல அகலம், 3¼ அங்குலத் தடிமன், 86 லிட்டர் என்ற கணக்கில் இருக்கும்.

ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். பலகையின் சொந்த எடையும் அதில்தான் கழிய வேண்டும். எனவே முதல் பலகையின் லிட்டர் உங்கள் எடையின் கிலோ எண்ணுக்குக் குறையக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 84 லிட்டர். நீச்சலில் தோள் பழகாதவர், வயது கூடியவர், மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் போக முடிகிறவர் ஆகியோர் மேல் எல்லையை ஒட்டி எடுப்பது நல்லது.

லிட்டரை மட்டும் பார்த்து வாங்கிவிடவும் கூடாது. குறுகலாகவும் தடிமனாகவும் இருக்கும் பலகையும் அதே லிட்டர் காட்டும். அதில் எழுந்து நிற்கும்போது பக்கவாட்டில் உருண்டுவிடும். பெரியவர்களின் முதல் பலகைக்கு 22 அங்குல அகலத்துக்குக் கீழே போக வேண்டாம். மறுபக்கம், 55 கிலோ ஆள் ஒன்பதடி நீளமும் 24 அங்குல அகலமும் கொண்ட பலகையை எடுத்தால் அக்குளில் இடுக்கக் கை எட்டாது. காற்றடித்தால் மணலிலேயே ஆளைச் சுழற்றிவிடும். அலையில் திருப்ப ஓரத்தை நீருக்குள் அழுத்த வேண்டும், அதற்கும் எடை போதாது. அப்படிப்பட்டவருக்கு 7 அடி முதல் 7½ அடி வரையிலான சாஃப்ட் டாப்பே தாராளம்.

சாஃப்ட் டாப்

உள்ளே நாம் தெர்மாகோல் என்று சொல்லும் இ.பி.எஸ். ஃபோம். மேலே மெத்தென்ற பாலிஎத்திலீன் ஃபோம் தோல், அடியில் வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் தகடு. நடுவே நீளவாட்டில் ஓடும் மெல்லிய மரச்சட்டத்துக்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர்.

தரம் பிரிவதே இந்த ஸ்ட்ரிங்கரில்தான். இரண்டு அல்லது மூன்று மரச்சட்டம் இருந்தால் பலகை விறைப்பாக நிற்கும். ஒன்றுமே இல்லாத மலிவுப் பலகை நீங்கள் எழுந்ததும் நடுவில் தொய்ந்து வேகத்தை விழுங்கிவிடும். கரையோரம் மூக்கு (பலகையின் முன்நுனி) குத்தி அலை மேலே விழுந்தால் குறுக்கே மடிந்து சுருக்கம் விழும். ஒருமுறை சுருக்கம் விழுந்த பலகை அதே இடத்தில் மறுபடி மறுபடி மடியும். கடையில் சோதிக்க வழி இருக்கிறது: வாலை (பின்நுனியை) தரையில் ஊன்றி, மூக்கை ஒரு கையால் பிடித்து, நடுவில் மறு கையால் மெல்ல அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைந்தால் வேண்டாம்.

பலம் என்ன? 86 லிட்டர் மிதப்பில் உடைந்து வரும் நுரை அலையும் தள்ளும், இன்னும் உடையாத சாய்வான அலையும் முன்கூட்டியே பிடிபடும். முழங்கால், முகவாய், பக்கத்தில் இருப்பவர் தலை என எதில் பட்டாலும் கண்ணாடியிழைப் பலகை அளவுக்குக் காயம் ஆகாது. ‘அளவுக்கு’ என்பதைக் கவனியுங்கள். ஐந்தாறு கிலோ எடையுள்ள பலகை அலையின் வேகத்தில் வந்து மோதினால் மெத்தென்ற தோல் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ‘சாஃப்ட் டாப்தானே’ என்று கூட்டத்துக்குள் கைவிட்டுவிடுகிறவர்களால் விபத்து நேரும்.

பலவீனங்களும் உண்டு. தோலை ஒட்டிய இடத்தில் வெயிலின் சூடு ஏறினால் ஒட்டு விட்டுக் குமிழ் கிளம்பும். மூடிய காருக்குள் விட்டாலும், நடுப்பகலில் மணலில் அடிப்பக்கம் மேலாகப் போட்டாலும் இதே கதிதான். ஃபின் (அடியில் பொருத்தும் துடுப்பு) திருகாணித் துளைகள், லீஷ் (பலகையைக் காலோடு பிணைக்கும் கயிறு) மாட்டும் துளை, வாலின் விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் நீர் உள்ளே கசியும். திருகாணியைக் கைவிசைக்கு மேல் இறுக்கினால் துளையைச் சுற்றிய தகடு விரிசல் விடும், கசிவு அங்கேயே தொடங்கும். உள்ளே போன நீர் தானாக வெளியே வராது. பலகை மாதாமாதம் கனத்துக்கொண்டே போகும். பலகையின் மேல்தோல் வயிற்றையும் நெஞ்சையும் தேய்த்துப் புண்ணாக்கும் என்பதால் ரேஷ் கார்டு (உடலோடு ஒட்டிய நீச்சல் சட்டை) இல்லாமல் இறங்க வேண்டாம்.

மினி மால்

7 முதல் 8 அடி நீளம், வட்ட மூக்கு, கண்ணாடியிழைப் பூச்சு. லாங்போர்டைச் சுருக்கியது போன்ற வடிவம். 7 அடி 6 அங்குலம், 21½ அங்குலம், 2¾ அங்குலம் என்ற அளவில் 50 லிட்டரைச் சற்றே தாண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நீளம் சாஃப்ட் டாப்புக்கு நெருங்கி வருவதால் மிதப்பும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். லிட்டரில் வித்தியாசம் முப்பதுக்கு மேல். 75 கிலோ ஆள் இந்த அளவில் படுத்தால் மார்பு வரை நீர் ஏறும், துழாவலில் பாதி வீண். அவர் மினி மால்தான் வேண்டும் என்றால் எட்டடியில், மூன்று அங்குலத் தடிமனில் தேட வேண்டும். அப்போதும் மேலே சொன்ன கணக்குக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

இது யாருக்கு? நுரை அலையில் தடுமாறாமல் எழுந்து நிற்கப் பழகியவருக்கு, 55 கிலோவுக்கு உட்பட்டவருக்கு, வாரத்தில் பல நாள் கடலுக்குப் போக முடிகிறவருக்கு. உடையாத அலையில் குறுக்காக ஓடத் தொடங்கும்போது சாஃப்ட் டாப்பின் தடித்த ஓரம் வழுக்கும்; மினி மாலின் ஓரம் அலைச் சுவரைப் பற்றும். அந்தக் கட்டத்தில் அடுத்த பலகையாக இதைவிட நல்லது இல்லை. முதல் நாளே வாங்கினால் அதன் பலம் எதுவும் உங்களுக்குப் பயன்படாது.

கட்டுமானத்தில் இரண்டு வகை. பி.யு. என்பது பாலியூரித்தேன் ஃபோமின் மேல் பாலியஸ்டர் பிசின் பூசியது. கனம் சற்றுக் கூடுதல், எளிதில் பள்ளம் விழும், ஆனால் பள்ளம் விழுந்தாலும் நீரை மெதுவாகவே உறிஞ்சும். இ.பி.எஸ். ஃபோமின் மேல் எபாக்ஸிப் பிசின் பூசியது இலேசு, உறுதி, சட்டென்று பள்ளம் விழாது. ஒரு விரிசல் விழுந்தால் மட்டும் ஃபோம் மணிகளுக்கு இடையே நீர் வேகமாகப் பரவும். எபாக்ஸிப் பலகையில் விரிசல் கண்டால் அன்றைக்கு அத்தோடு கரையேறிவிட வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பாலியஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் இ.பி.எஸ். ஃபோமைக் கரைத்துவிடும். பள்ளத்தை அடைக்கப் போய்க் குழியாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். எந்த ஃபோம் என்று தெரியாவிட்டால் எபாக்ஸிப் பிசினையே பூசுங்கள், இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளும். பூசும் முன் பள்ளம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் மூடினால் பூச்சு சில வாரத்தில் உரிந்து வரும்.

லாங்போர்டு

9 அடியும் அதற்கு மேலும். தட்டையாக, நீளமாக இருப்பதால் அலை இன்னும் செங்குத்தாகாதபோதே வேகம் பிடித்துவிடும். மெல்லச் சாய்ந்து நீண்ட தூரம் ஓடும் இடுப்பளவு அலையில் இதற்கு ஈடு கிடையாது. 80 கிலோவுக்கு மேற்பட்டவர்கள் இதைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். ஒன்பதடி சாஃப்ட் டாப் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் உங்கள் கடற்கரையில் அலை எப்படி உடைகிறது என்பதைப் பார்க்காமல் லாங்போர்டு வாங்கக் கூடாது. கரைக்கு அருகே திடீரென்று எழும்பி மடாரென்று கவிழும் அலையில் நீண்ட தட்டை மூக்கு நேரே நீருக்குள் குத்தும். மூக்கு சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதை ராக்கர் என்பார்கள். லாங்போர்டில் அது குறைவு. வேகத்துக்காகக் கொடுத்த விலை அது. அலைகளைக் கடந்து உள்ளே போவதும் பாடு. சின்னப் பலகையை நீருக்கடியில் அமுக்கி அலைக்குக் கீழே நுழைந்துவிடலாம். இதை அமுக்க முடியாது. ஓரங்களை இரு கையாலும் பற்றி, பலகையோடு தலைகீழாகக் கவிழ்ந்து, அலை மேலே போனதும் நிமிர வேண்டும். மூக்கு அலைக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் பலகை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். கூட்டமுள்ள இடத்தில் புதியவர் கையில் கண்ணாடியிழை லாங்போர்டு இருப்பது எல்லாருக்கும் ஆபத்து.

ஃபிஷ், ஷார்ட்போர்டு

இரண்டும் குட்டைப் பலகைகள். ஆறடி ஃபிஷ் சுமார் 35 லிட்டர். ஆறடி ஷார்ட்போர்டு முப்பதுக்கும் கீழே. 70 கிலோ ஆளை இரண்டுமே மிதக்கவிடாது. வேண்டாம். ‘எப்படியும் சின்னதுக்குத்தானே போகப் போகிறேன், இப்போதே பழகிவிடலாம்’ என்ற வாதம் காதுக்கு நியாயமாகப் படும். நடப்பது நேர்மாறு. அலையே பிடிபடாததால் எழுந்து நிற்கும் வாய்ப்பே வராது, பல மாதம் துழாவிக்கொண்டே கழியும்.

ஃபின், லீஷ்

சாஃப்ட் டாப்போடு வரும் பிளாஸ்டிக் ஃபின்கள் வளையும். தொடக்கத்தில் அது நல்லதுதான், காலைக் கிழிக்காது. வாங்கும்போது எஃப்.சி.எஸ். அல்லது ஃபியூச்சர்ஸ் நிறுவன வகைப் பெட்டி (ஃபின்னைச் செருகும் குழி) உள்ள பலகை கிடைத்தால் அதை எடுங்கள். பிறகு கெட்டியான ஃபின் மாற்றிக்கொள்ளலாம், உடைந்தால் எங்கும் கிடைக்கும். இரண்டின் ஃபினும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. திருகாணிக்கு 3/32 அங்குல அறுகோணச் சாவி வேண்டும், அதைப் பலகைப் பையிலேயே கட்டி வையுங்கள். லாங்போர்டின் நடுப்பெட்டிக்கு 9 அங்குலத்தை ஒட்டிய ஒற்றை ஃபின் போதும்.

லீஷ் பலகை நீளத்துக்குக் குறையக் கூடாது, ஓர் அடி கூடலாம். எட்டடிக்கு எட்டடி, 7 மில்லிமீட்டர் தடிமன். குட்டையாக இருந்தால் விழுந்தவுடன் பலகை முகத்தை நோக்கித் திரும்பி வரும். லீஷ் பழக்கத்துக்கு வந்த 1970களின் தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை ரப்பர்க் குழாயைத்தான் கட்டிப் பார்த்தார்கள். அது இழுபட்டுச் சுண்டியதில் வெட்சூட் (குளிர்நீரில் அணியும் ரப்பர் உடை) தயாரிப்பாளர் ஜாக் ஓ'நீல் ஒரு கண்ணை இழந்தார். அவருடைய கறுப்புக் கண்பட்டையின் கதை அதுதான். லீஷைப் பலகையோடு இணைக்கும் சிறு கயிறு வால் விளிம்பைத் தாண்டி நீண்டால், இழுபடும்போது விளிம்பை அறுத்துவிடும். லீஷின் அகலமான பட்டைதான் விளிம்பில் படும்படி முடிச்சைக் குறுக்கிப் போடுங்கள்.

பழைய பலகை என்றால்

முதல் பலகைக்குப் பழையதே புத்திசாலித்தனம். எப்படியும் அடிபடப் போகிறது. எட்டடி சாஃப்ட் டாப்பை விற்பதும் எளிது, எப்போதும் யாராவது கற்றுக்கொள்ளத் தொடங்கிக்கொண்டே இருப்பார்கள்.

வாங்குமுன் மேல்பரப்பு முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், மார்பும் பாதமும் பதியும் இடங்களில் இன்னும் கவனமாக. பொதுக்கென்று அமுங்கி எழும்பினால் தோல் உரிந்திருக்கிறது. கண்ணாடியிழைப் பலகையாக இருந்தால் விரல்மூட்டால் தட்டுங்கள். ஒட்டுவிட்ட இடத்தில் சத்தம் மாறும். பொதுவான மஞ்சள் நிறம் வெறும் வெயில் பட்டது, பயமில்லை. ஓர் இடத்தில் மட்டும் பழுப்புத் திட்டு இருந்தால் அங்கே நீர் புகுந்திருக்கிறது. வெளிச்சத்தைச் சாய்வாக விட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தால் குறுக்கே ஓடும் மெல்லிய கோடு தெரியும். மேலும் கீழும் ஒரே இடத்தில் கோடு இருந்தால், அது ஒருமுறை ஒடியப் பார்த்த பலகை. ஃபின்னைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டுங்கள். ஃபின் ஆடினால் திருகாணியை இறுக்கிச் சரிசெய்யலாம். பெட்டியே பலகையோடு சேராமல் அசைந்தால் விற்பவர் என்ன தள்ளுபடி சொன்னாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.