வாசலில் ஒரு திறப்புப் பெட்டி: எட்டு மாதப் பாவனைக்குப் பின்

லண்டனில் தனியே வசிக்கும் என் அம்மா கடந்த மாரியில் குளியலறையில் விழுந்து, கழுத்தில் தொங்கிய அவசரப் பொத்தானை அழுத்தினார். அம்புலன்ஸ் விரைவாகவே வந்தது. ஆனால் வந்தவர்கள் கதவின் கடிதத் துவாரத்தினூடாக அம்மாவோடு பேசிக்கொண்டு வெளியிலேயே நிற்க வேண்டியிருந்தது. பொலிசார் வந்து கதவை இடித்துத் திறந்த பிறகே அவர்கள் உள்ளே போனார்கள்.

அவர்கள் காத்து நின்றதற்குச் சட்டமே காரணம். இங்கிலாந்தில் பூட்டிய வீட்டை உடைத்து நுழைவதற்கென அம்புலன்ஸ் பணியாளருக்குத் தனியான சட்ட அதிகாரம் இல்லை. 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உயிரையோ உடலையோ காப்பாற்றவும் சொத்துக்குக் கடுஞ்சேதம் வராமல் தடுக்கவும் பொலிசாருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. தீயணைப்புப் படையினருக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு தருகிறது. ஒருவர் நலமாக இருக்கிறாரோ என்ற கவலை மட்டும் பொலிசார் நுழையப் போதாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. பிறர் வீட்டு வாசலை நினைத்தபோதெல்லாம் கடக்க எவருக்கும் உரிமை இருக்கக் கூடாது. ஆனால் அம்மா தானே முன்கூட்டி அனுமதி கொடுத்து வைத்தால் எந்த அதிகாரமும் தேவைப்படாது. வாசல் சுவரில் பொருத்தி, வீட்டுத் திறப்பை (சாவியை) உள்ளே வைத்து, இரகசிய எண்ணால் திறக்கும் திறப்புப் பெட்டியை நான் அப்படிப்பட்ட அனுமதியாகவே பார்க்கிறேன்.

நாங்கள் வாங்கியது மின்கலம் தேவைப்படாத, 12 பொத்தான்கள் கொண்ட பெட்டி. பொலிஸ் ஆதரவுடைய பாதுகாப்புத் தரச் சான்று பெற்றதா என்று பார்த்தே தெரிவு செய்தோம். மலிவான பெட்டிகள் பலவற்றுக்கு அது இல்லை. செங்கல்லில் நான்கு திருகாணிகளால் இறுக்கியதை நான் முழுப் பலத்தோடு இழுத்தும் அசையவில்லை. குளிரில் உறைந்த காலைகளிலும் இறப்பர் மூடிக்குள் பொத்தான்கள் இலகுவாக அழுந்தின. இரகசிய எண்ணை எந்த வரிசையில் அழுத்தினாலும் பெட்டி திறந்துவிடும். பதற்றத்தில் வருபவருக்கு இது உதவிதான், ஆனால் வரிசை கணக்கில் வராததால் சாத்தியமான சேர்க்கைகள் ஏறக்குறைய 4,000 மட்டுமே. எனவே பராமரிப்பாளர் மாறும்போதெல்லாம் எண்ணை மாற்றுகிறேன். இருட்டில் பொத்தான்கள் தெரியாததே இதன் பெரிய குறை. அதற்காக வாசலில் தானாக எரியும் விளக்கொன்றைத் தனியே வாங்க நேர்ந்தது.

பெட்டியைப் பொருத்திய முதல் வாரத்தில் சோதித்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. திறப்பை எடுத்துக் கதவுப் பூட்டில் போட்டேன், அது சுழலவே இல்லை. அம்மா வழக்கம்போலத் தன் திறப்பை உட்பக்கத்துப் பூட்டிலேயே விட்டிருந்தார். அதற்கு மேல் சங்கிலியும் மாட்டியிருந்தார். உள்ளே திறப்பு இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டு உருளையை மாற்றியதோடு, சங்கிலியையும் கழற்றினோம். சங்கிலியை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வர இரண்டு வாரம் பிடித்தது. பிறகு அவசரப் பொத்தான் அழைப்புகளை ஏற்கும் நிலையத்தில் பெட்டியின் எண்ணைப் பதிந்து, அவர்கள் அதைச் சரியாகக் குறித்துக்கொண்டார்களா என்று திரும்பவும் அழைத்துக் கேட்டேன்.

சட்டப்படி நுழைந்த பொலிசார் உடைத்த கதவுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. எங்கள் கதவைத் திருத்திய செலவில் இப்படியான பெட்டிகள் பல வாங்கியிருக்கலாம். போன மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றி, மறுபடி அம்புலன்ஸ் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கதவு முழுதாக இருந்தது, திறப்பு பெட்டிக்குள் திரும்பியிருந்தது, அம்மா கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.