காருக்குறிச்சிப் பானையில் இன்சுலின் தங்குமா?

2020 மார்ச் ஊரடங்கில் சர்க்கரை நோயாளிகள் பலர் மாத்திரையும் இன்சுலினும் மொத்தமாக வாங்கி வைக்க வேண்டியிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலினை எங்கே வைப்பது? திருநெல்வேலி மாவட்டத்துக் காருக்குறிச்சி மண்பானை நல்ல பதில்தான், ஆனால் பாதிப் பதில்.

பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவே இரண்டு விரற்கடைக்கு ஆற்றுமணல். புதுப்பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். குப்பியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் வாயை மூடிக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். பெயிண்ட் அடித்த பானை வேண்டவே வேண்டாம். துளை அடைபட்டால் நீர் கசியாது, ஆவியாகாது, குளிரவும் செய்யாது.

ஆனித் தென்றலில் அருமையாகக் குளிரும். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவாகக் குளிராது.

பிரிக்காத இன்சுலினுக்கு வேண்டிய 2 முதல் 8 டிகிரிக்குப் பானை ஒருநாளும் இறங்காது. ஆகவே பிரித்த குப்பிக்கு மட்டுமே இது ஆகும். பெரும்பாலான இன்சுலின், 30 டிகிரிக்குள் இருந்தால், பிரித்ததிலிருந்து 28 நாள் தாங்கும். தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். பிரிக்காத இருப்பை அக்கம்பக்கத்து ஃபிரிட்ஜில், கதவோரமாக வைக்கச் சொல்லுங்கள். ஃபிரீசர் பக்கம் உறைந்துபோனால் மருந்து வீண், உருகினாலும் போடக்கூடாது.

தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கினாலோ, பால் நிற இன்சுலின் உருட்டியும் கட்டி கரையாமல் நின்றாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், அளவைக் கூட்டாதீர்கள். குப்பியை மாற்றி, மருத்துவரிடம் போனிலாவது கேளுங்கள்.