கொரோனா தொற்று அலையில் சுற்றுலா: போவதா, தள்ளிவைப்பதா?

போவதென்றால், நடுவானைவிட வரிசைகளும் நெரிசலான உணவகங்களும்தான் ஆபத்து. விமானத்துக்குள் சுழலும் காற்றைச் சுத்தப்படுத்தும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஏறி இறங்கும் நேரத்தில் காற்றோட்டம் குறையலாம், அப்போது என்95 முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. கொரோனா அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அதனால் கிளம்பும் அன்று பரிசோதனையில் ‘நெகட்டிவ்’ வந்தாலும் முழு நிம்மதி இல்லை. போன இடத்தில் தொற்றினால் கூடுதல் அறை வாடகைக்கும் மாற்று டிக்கெட்டுக்கும் பணம் கையில் வேண்டும்.

வீட்டில் முதியவரோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ இருந்தால் தள்ளிவைப்பதே சரி. பண இழப்பைக் குறைக்க வழியுண்டு. இலவச ரத்துக்கான கெடு முடியுமுன் விடுதி அறையை விட்டுவிடுங்கள். விமான டிக்கெட்டில் மட்டும் அவசரம் வேண்டாம்: நிறுவனமே ரத்து செய்தால் பெரும்பாலும் முழுத்தொகை திரும்பும், நீங்கள் செய்தால் பிடித்தம் போக மிச்சம்தான். பயந்து கைவிட்ட பயணத்துக்குச் சாதாரணக் காப்பீடு பொதுவாக ஈடு தராது.