நியோடிமியம் காந்தம்: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

முதல் ஆர்டரில் வந்த ஐம்பது டிஸ்க் காந்தங்களும் எனக்கு உதவவில்லை. 6 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், பலத்தைக் குறிக்கும் என்35 கிரேடு என்று கேட்டபடியேதான் வந்திருந்தன. காந்தத்தன்மை எந்தத் திசையில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை; விற்றவரும் கேட்கவில்லை.

தண்டு எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று அளக்கும் கருவிகள் செய்கிறேன். தண்டின் நுனியில் காந்தம், அதற்கு நேர் எதிரே, காந்தப்புலத்தின் திசையை உணர்ந்து எண்ணாகத் தரும் ஏஎஸ்5600 சிப். ஒரு முழுச் சுற்றுக்கு எண் 0-இலிருந்து 4095 வரை ஏற வேண்டும். எனக்கோ தண்டு சுற்ற, எண் ஓரிடத்திலேயே தத்தளித்தது. வந்தவை எல்லாம் ஆக்ஸியல்: ஒரு முகம் வட துருவம், மறு முகம் தென் துருவம். அது தன் அச்சில் எவ்வளவு சுற்றினாலும் காந்தப்புலம் மாறாது. எனக்கு வேண்டியது டயமெட்ரிக்: வட்டத்தின் ஒரு பாதி வடக்கு, மறு பாதி தெற்கு.

காந்தத்தன்மையை வேறு திசையில் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் வழியில்லை. இந்த வகைக் காந்தத்துக்கான பொடியை வார்ப்பு அச்சுக்குள் அழுத்தும்போதே காந்தப்புலத்தில் வைத்துத் துகள்களை ஒரே திசையில் அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் குறுக்கே ஏற்றினால் பலம் வராது.

பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நான் சோதிப்பது இப்படி: இரண்டு டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டவிட்டு, மேலே உள்ளதை விரலால் திருப்புவேன். ஆக்ஸியல் என்றால் வழுக்கிக்கொண்டு சுற்றும். டயமெட்ரிக் என்றால் முரண்டு பிடிக்கும். கால் சுற்று திருப்பிவிட்டு விரலை எடுத்தால் சட்டென்று பழைய நிலைக்கு ஓடிவிடும். ஐந்து நொடி வேலைதான், ஒவ்வொரு பொட்டலத்திலும் செய்கிறேன்.

ஸ்க்ரூ பள்ளம் உள்ள ரிங் காந்தத்தில் சிக்கல் வேறு. பள்ளம் இருக்கும் முகம் வடக்கா தெற்கா என்று பார்த்து வாங்க வேண்டும். மூடிக்கும் பெட்டிக்கும் ஒரே ரகத்தை வாங்கினால், எதிரெதிரே வைத்து முடுக்கியதும் ஒன்றையொன்று தள்ளும். செவ்வகக் கட்டியில் 20×10×5 என்று எழுதினால், பல கடைகளில் கடைசி எண்தான் காந்தத் திசை. நீளவாக்கில் வேண்டுமென்றால் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டாருக்கான ஆர்க் வடிவத்தில் நியோடிமியம் பெரும்பாலும் நேர்கோட்டுத் திசையில்தான் கிடைக்கிறது. மையத்திலிருந்து விரியும் ரேடியல் திசை கேட்டால் விலை ஏறும்.

சூட்டைப் பொறுத்தவரை சாதாரண என் கிரேடுக்கு 80 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. மெல்லிய ஆக்ஸியல் டிஸ்க்குகள் அதற்கு முன்பே பலம் இழப்பதும் உண்டு. இரும்புத் தண்டில் நேரடியாக ஒட்டினால் புலத்தின் ஒரு பகுதியை இரும்பு இழுத்துக்கொள்கிறது. அதனால் நடுவில் பித்தளைக் குமிழ் வைத்து எபாக்சியால் ஒட்டுகிறேன்.

இப்போது ஒவ்வொரு ஆர்டரோடும் அம்புக்குறி போட்ட சின்னப் படம் ஒன்றை அனுப்புகிறேன். இரண்டாவது ஆர்டரில் வந்த டயமெட்ரிக் காந்தங்கள் இன்றும் ஓடுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றினேன். ஓரத்தில் நிக்கல் பூச்சு பெயர்ந்து, உள்ளே துருவேறிப் பொடியாக உதிர்ந்திருந்தது.