கரும்பொடி கலந்த அலுமினியமும் அம்பத்தூர் பட்டறையும்

ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். நவம்பர் பரீட்சை முடிந்ததுமே ஃபைனல் இயர் பசங்கள் ஸ்டிர் காஸ்டிங் உலையைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். 6061 என்ற ரக அலுமினியக் கலவையை உருக்கி, சிலிக்கான் கார்பைடு பொடியைக் கொட்டிக் கலக்கி, 6 மி.மீ. தகடாக வார்ப்பார்கள். அதுவரை எங்கள் பாடு. வெல்டிங்குக்கு வெளியேதான் போக வேண்டும்.

இந்த முறை முதலில், மின்பொறியில் உலோகத்தை உருக்கி ஒட்டும் டிக் வெல்டிங் கடை ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். “அலுமினியம்தானே சார்” என்று வாங்கி, ஜாயிண்டில் உருக்கி நிரப்புகிற 5356 ரகக் கம்பியை வைத்து ஆரம்பித்தார். உருகிய இடம் ஓடவே இல்லை, கேழ்வரகுக் கூழ் மாதிரி அப்படியே நின்றது. ஒருவழியாக முடித்துத் தந்தார், பார்க்கவும் பழுதில்லை. தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்து மேசையில் வைத்தோம். பொங்கல் லீவு முடிந்து வந்தால் ஜாயிண்ட் ஓரமெல்லாம் குழியும் வெள்ளைப் பொடியும்! வெல்டிங்கில் உருகும் கடும் சூட்டில் சிலிக்கான் கார்பைடோடு அலுமினியம் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகிவிடுகிறது. அதற்கு ஈரம் ஆகாது. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? சிலிக்கான் அதிகமுள்ள 4047 கம்பியாக இருந்தால் ஓரளவு தப்பித்திருக்கலாம். அப்போது எனக்கும் அது தோன்றவில்லை.

அப்புறம்தான் அம்பத்தூர் எஸ்டேட். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். பலகைகூட இல்லாத ஷெட். பழைய வெர்டிகல் மில்லிங் மெஷின் ஒன்றை ஃப்ரிக்ஷன் ஸ்டிர் வெல்டிங்குக்கு மாற்றி வைத்திருக்கிறார் ஓனர். சுழலும் டூலை இரண்டு தகடும் சேரும் கோட்டில் அழுத்தி நகர்த்துவார். உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமலேயே இளகி, பிசைந்த மாவாகக் கலந்துவிடும். 1991-ல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்த முறை. உருகினால்தானே அந்தக் கார்பைடு தொல்லை!

தகட்டைக் கையில் வாங்கியவர் மூலையில் அரத்தை நாலு தேய் தேய்த்தார். பிறகு தகட்டைப் பார்க்கவில்லை, அரத்தைத்தான் பார்த்தார். “சார், எவ்வளவு போட்டிருக்கீங்க?” பொடி பத்து சதவீதம் என்றேன். “அப்போ டூல் காசு தனி.” வேலையைத் தொடுவதற்கு முன்பே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சொன்னது சரிதான். 100 மி.மீ. ஜாயிண்ட் இரண்டரை நிமிடத்தில் முடிகிறது, ஆனால் மூன்றாவது ஜாயிண்டுக்குள் எச்13 எஃகு டூலின் நுனியில், தகட்டுக்குள் இறங்குகிற பின்னில் இருந்த மரை மழுங்கி, சப்பிய மிட்டாயாகிவிட்டது. பின்னே, கறுப்பு வாட்டர் பேப்பரில் இருக்கிற அதே பொடியாயிற்றே. டங்ஸ்டன் கார்பைடு டூலுக்கு மாறினார், மீதி நன்றாக வந்தது.

ஒரு ஜாயிண்டை மட்டும் அறுத்துப் பார்த்தபோது உள்ளே எலி வளை மாதிரி ஓட்டை. அழுத்தம் போதவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு, வேறு தகட்டில் காசு வாங்காமல் போட்டுத் தந்தார். டூல் வெளியே வருகிற இடத்தில் குழி விழும், நீளம் கூடுதலாக வையுங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார். பசங்கள் மறந்தார்கள், ஒவ்வொரு தகட்டிலும் 20 மி.மீ. வீண்.

குறை என்றால், வாட்ஸ்அப்பில் பதில் வர இரண்டு நாள் ஆகும். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. வார்த்த தகட்டை அப்படியே கொண்டுபோகாதீர்கள். இரண்டு பக்கமும் மில் செய்து தட்டையாக்கிக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதற்கும் தனிக் காசு.