உலகில் ஆண்ட்ராய்டு எவ்வளவு, ஐஓஎஸ் எவ்வளவு: ஸ்டாட்கவுன்டர் கணக்கை எங்கே நம்பலாம்?

ஸ்மார்ட்போன் இயங்குதளங்களின் சந்தைப் பங்கைத் தேடினால், பெரும்பாலும் முதலில் வருவது அயர்லாந்தின் ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் தரும் எண்தான். ஆண்ட்ராய்டு 70 சதவீதத்தை ஒட்டி, மிச்சம் அநேகமாக முழுவதும் ஐபோனின் ஐஓஎஸ். இலவசம், பதிவு செய்ய வேண்டாம். 2009 முதலான தரவை சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இந்த வசதிக்கு ஈடாக வேறொன்று இல்லை.

ஸ்டாட்கவுன்டர் எண்ணுவது போன்களை அல்ல, திறக்கப்படும் இணையப் பக்கங்களை. இதை மறந்தால் எல்லாமே தப்பாகப் போகும். தன் கண்காணிப்பு நிரல் பதித்த 15 லட்சத்துக்கும் அதிகமான இணையதளங்களில் எந்தக் கருவியிலிருந்து எத்தனை பக்கம் திறந்தார்கள் என்றே பார்க்கிறது. 100 பேரில் 20 பேரிடம் ஐபோன் என்று வைப்போம். அவர்கள் ஆளுக்கு 150 பக்கமும், மற்ற 80 பேர் ஆளுக்கு 100 பக்கமும் பார்த்தால் ஐஓஎஸ் பங்கு 27% என்று வரும். ஆப்புக்குள்ளேயே பொழுதைக் கழிப்பவர் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

நாடுவாரி மக்கள்தொகைக்கு ஏற்ப எடையும் போடுவதில்லை. ஸ்டாட்கவுன்டர் நிரல் சீனத் தளங்களில் குறைவு. அத்தனை பெரிய சந்தை உலக எண்ணில் சுருங்கிவிடுகிறது. உலக மொத்தம் வேண்டுமானால் ஒவ்வொரு நாட்டின் பங்கையும் அந்நாட்டு ஸ்மார்ட்போன் பயனர் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பயனர்களால் வகுப்பதே சரி. இந்தியாவில் ஆண்ட்ராய்டு 95% அளவில், அமெரிக்காவில் ஐஓஎஸ் பாதிக்கு மேல். ஆகவே எடை மாறினால் விடையும் நன்றாகவே நகரும்.

ஐடிசி போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுதோறும் தருவது கடைக்கு அனுப்பிய போன்களின் கணக்கு. ஐந்தாண்டுப் பழைய போன் அதில் இல்லை, ஸ்டாட்கவுன்டரில் உண்டு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது.

ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற பதிப்புவாரிப் பங்கில் இன்னும் கவனம் வேண்டும். 2023 முதல் ஆண்ட்ராய்டில் ஓடும் குரோம் உலாவி, இணையதளத்துக்குத் தன்னைப் பற்றி அனுப்பும் அடையாள வரியில் (யூசர் ஏஜென்ட்) எந்தப் பதிப்பானாலும் 'ஆண்ட்ராய்டு 10' என்றே சொல்கிறது. அந்த வரியை மட்டும் படிக்கும் எந்தக் கருவியும் ஏமாறும்.

ஒரே நாட்டுக்குள் போக்கு எப்படி நகர்கிறது என்று பார்க்க ஸ்டாட்கவுன்டரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பிரிவில் 'மொபைல்' மட்டும் தேர்ந்து, குறைந்தது 12 மாதம் எடுங்கள். வெளியிட்ட எண்ணை 45 நாள் வரை திருத்துவார்கள் என்பதால், கடைசி மாதத்தை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.